மாபெலே வீட்டுக் கீசர்

அரசாங்கம் போடும் விதி யார் தலையில் போய் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீசர் விதி முதலில் மகாயாவின் தலையில் விழுந்தது. அங்கிருந்து உருண்டு, கீசரே இல்லாத ஒருத்தியின் தலையில் போய் உட்கார்ந்தது. அவள் பெயர் சேக்காய். அவளிடம் வருவதற்கு முன்னால் மகாயா என்ன செய்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கறுப்பர் குடியிருப்பான நியூ பிரைட்டனில், ஞோலி சதுக்கத்துக்குப் போகும் சாலையில் அவனுக்குக் கடை. குழாய் வேலை, வெந்நீர்க் கீசர் விற்பனை, வீட்டுக்கு வந்து அதைக் கூரைக்குள் ஏற்றிப் பொருத்தித் தருவது, எல்லாம் அவனே. மனைவி தெம்பகாசி கல்லாவில் இருப்பாள். கெட்டிக்காரன்தான், மோசக்காரன் என்று அதுவரை ஒருவரும் அவனைச் சொன்னதில்லை. மலிவு என்று யாராவது சொன்னால் மட்டும் அவனுக்குக் கண் மண் தெரியாது. நகரத்து மொத்த வியாபாரி ஒருவன் போன் பண்ணி, "இந்த விலைக்கு இனிமே உனக்கு எங்கயும் கிடைக்காது" என்றான். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. மகாயா கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கீசர்களை வாங்கி, கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அடுக்கினான். அன்று இரவு சாப்பிடும்போது விசிலடித்துக்கொண்டே சாப்பிட்டான் என்று தெம்பகாசி சொல்வாள்.

அதற்கப்புறம்தான் விதி வந்தது. இனி விற்கும் கீசர் எதுவும் சூட்டை வெளியே கசியவிடக் கூடாது. எவ்வளவு கசிகிறது என்பதற்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. 'பி' எழுத்து இல்லாததை விற்றால் கடையைச் சாத்திவிடுவார்கள். 'பி' வாங்க வேண்டுமென்றால் இரும்புத் தொட்டியைச் சுற்றியிருக்கும் நுரைக் கவசம் தடிமனாக இருக்க வேண்டும். அதனால் புதுக் கீசரெல்லாம் குண்டு, விலையும் குண்டு. மகாயாவின் கொட்டகையில் இருந்ததெல்லாம் ஒல்லி, 'டி' எழுத்து. அந்த மொத்த வியாபாரிக்கு விதி வரப்போவது முன்பே தெரிந்திருக்கிறது. மகாயா போன் பண்ணினால் அவன் எடுக்கவில்லை. போதாக்குறைக்கு அந்தக் குளிர்காலத்தில் மழை விடாமல் அடித்தது. கொட்டகைத் தகரம் ஒழுகி, கீசர்களின் கவசத்துக்குள் ஈரம் இறங்கியது. ஈரம் இறங்கிய நுரையால் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. அதை 'டி' என்று சொல்வதுகூட மரியாதைதான்.

சாவு வீடுகளுக்கு நிகழ்ச்சி நிரல் அச்சடித்துத் தரும் கடை ஒன்று சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பள்ளிக்கூடத்து வேலை என்று சொல்லி, 'பி' எழுத்துப் போட்ட ஸ்டிக்கர்களை அடித்து வாங்கி வந்தான். கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினான். தெம்பகாசி வாசலில் நின்று பார்த்தாள். இதெல்லாம் நமக்கு வேண்டுமா என்று கேட்டாள். அரசாங்கம் ஏணி வைத்து ஏறியா பார்க்கப் போகிறது என்றான். தெரியாத ஆட்களுக்கு மட்டும் விற்பேன், தெருவில் ஒருத்தருக்கும் தர மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். தெரியாத ஆட்கள் என்றால் பாவம் இல்லை போலிருக்கிறது.

ஆனால் முதலில் கடைப்படி ஏறியது மாபெலே.

எங்களில் குலப்பெயர்தான் உறவு. ஒரே குலம் என்றால் எந்த மூலையில் பிறந்திருந்தாலும் உடன்பிறப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது, ஏமாற்றவும் கூடாது. இதில் முதலாவதை நாங்கள் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். மகாயா பெலே குலம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளும் பெலே, அதனால்தான் மாபெலே. அவளுடைய சொந்தப் பெயர் நோபந்து. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் வீட்டுப் பழைய கீசர் வெடித்து, கூரைப் பலகை நனைந்து, படுக்கையில் தண்ணீர் கொட்டியிருந்தது. புதுக் கீசர் போட்டால் கரண்ட் செலவு குறையும் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீ பெலேதானே?" என்றாள் வாசலிலேயே. "அப்ப நான் எதுக்கு டவுனுக்கு பஸ் ஏறணும்? தம்பி கடை இருக்கே."

மகாயா அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். நல்ல கீசர் வரவழைத்துத் தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான் என்றுகூட வைத்துக்கொள்வோம். அதற்குள் அவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "இதோ 'பி' போட்டது நிக்குதே. இதுவே போதும்" என்றாள். அன்றைக்கே பொருத்தியும் ஆகிவிட்டது. கீசர் பொருத்தினால் குழாய்க்காரன் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அதில் கீசரின் எண், தரம் எல்லாம் இருக்கும். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சான்றிதழ்ப் புத்தகத்தைத் தேடுவதுபோலத் தேடினான். அவள் கையை வீசி மறுத்தாள். தம்பியிடம் காகிதம் கேட்டு வாங்கினால் குலத்துக்கே கேவலம் என்றாள். டவுனில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிகளாக இருந்தால் அந்தக் காகிதம் இல்லாமல் காசே தர மாட்டார்கள். நாங்கள் அப்படி இல்லை. அதுதான் எங்கள் பெருமை, எங்கள் முட்டாள்தனமும் அதுவே.

அதே மாதம்தான் மாபெலேயின் கொல்லைப்புற அறைக்குச் சேக்காய் குடிவந்தாள். ஜிம்பாப்வேக்காரி. பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரு தையல் மிஷின், ஓர் இஸ்திரிப்பெட்டி, இரண்டு பை, அவ்வளவுதான் அவளுடைய சொத்து. பேச்சு குறைவு. வாடகையில் கரண்டும் சேர்த்தி. சமையலறையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து அவள் அறைக்குக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் கரண்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டி யூனிட் வாங்கி மீட்டரில் ஏற்ற வேண்டும். யூனிட் தீரப் போனால் மீட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தும். மாபெலே வீட்டு மீட்டர் அடிக்கடி கத்த ஆரம்பித்தது. முன்பு மாதம் முழுக்கத் தாங்கிய யூனிட் இப்போது பாதியில் தீர்ந்தது. கீசரோ புதுசு, தம்பி போட்டது, 'பி' எழுத்துப் போட்டது. அதனால் மேலே யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கொல்லைப்புறத்தைப் பார்த்தார்கள். ராத்திரியில் அவள் அறையிலிருந்து நீராவி வந்ததாக ஒருத்தி சொன்னாள். திருட்டுத்தனமாக மின்னடுப்பு வைத்திருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. ஊர்விட்டு ஊர் வந்தவளைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை.

சேக்காய் மறுத்தாள். சனிக்கிழமை மட்டும்தான் இஸ்திரி போடுகிறேன், வேண்டுமானால் அறையைச் சோதித்துப் பாருங்கள் என்றாள். சோதித்தார்கள். மின்னடுப்பு இல்லை. ஒளித்துவிட்டாள் என்றார்கள்.

விஷயம் தெருக் குழுவுக்குப் போனது. குழுத் தலைவர் ஃபிகிலே, பழைய கப்பல்துறைத் தொழிலாளி, நியாயஸ்தர் என்று பேர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மாபெலேயின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ஃபிகிலே சொன்னார். அந்தத் தெருவில் விஷயம் தெரிந்த ஆள் வேறு யார்? மகாயாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவன் வந்து முற்றத்தைப் பார்த்தான். அத்தனை பேர் நடுவில் ஒரு மர ஸ்டூலில் சேக்காய் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கருவி தெரிந்தவன் வந்துவிட்டான், இனி உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். அந்த நிம்மதியைத்தான் அவனால் பிற்பாடு மறக்க முடியவில்லை.

ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினான். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கீசர்மேல் உள்ளங்கையை வைத்தான். நல்ல கீசர் என்றால் வெளிப்புறம் குளிர்ந்திருக்கும். இது கன்று ஈன்ற பசுவின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வீட்டுக் கரண்டு முழுக்கக் கூரைக்குள் இருக்கும் எலிகள் குளிர்காயப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒட்டிய ஸ்டிக்கரின் ஒரு மூலை சூட்டில் சுருண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

இருட்டில் குந்தியபடி யோசித்தான். உண்மையைச் சொன்னால் கடை போச்சு.  அக்காவை ஏமாற்றிய பெலே என்று பேர் வரும். குலத்தில் ஒரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால்? ஒருத்தி வேறு ரூம் பார்த்துக்கொள்வாள். நியூ பிரைட்டனில் ரூமா இல்லை? இன்றைக்குச் சமாளித்துவிட்டு, பிறகு சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம். இப்படி யோசித்துவிட்டு இறங்கினான்.

"கீசர்ல ஒரு குறையும் இல்ல, ஐயா" என்றான் ஃபிகிலேயைப் பார்த்து.

சேக்காய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. எதையோ தப்பாகக் கேட்டுவிட்டவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். மாபெலே பெருமூச்சு விட்டாள். மாத முடிவுக்குள் காலி பண்ண வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. போலீஸுக்குப் போகவில்லை, அடிக்கவில்லை, அந்த மட்டும் நாம் நல்லவர்கள் என்று பேசிக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள்.

அவள் மாத முடிவுவரை காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தையல் மிஷினை ஒரு கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனாள். மகாயா கடை வாசலில் நின்றிருந்தான். சாலைப் பள்ளத்தில் சக்கரம் சிக்கிக்கொண்டது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டான், தன் பிக்கப் வண்டியிலேயே மிஷினை ஏற்றி, பக்கத்துக் குடியிருப்பான குவாசகேலேயில் அவளுடைய சர்ச் தோழி வீட்டுவரை கொண்டுபோய் இறக்கினான். வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் பேசினாள். "நன்றி அண்ணே. இந்தத் தெருவுல எனக்கு உதவி செஞ்சது நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.  அன்று இரவு தெம்பகாசி வைத்த சோளமும் பீன்ஸும் தட்டிலேயே ஆறிப்போயின.

குற்ற உணர்ச்சி என்பது மனசாட்சியின் வேலை என்று சர்ச்சில் சொல்கிறார்கள். மகாயாவுக்கு அது காலில் வந்தது. கீசர் பற்றி யாராவது பேசினால் கடையின் பின்பக்கம் போய்விடுவான். சீருடை போட்ட பிள்ளைகளைப் பார்த்தால் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடப்பான். தெருவில் உள்ள அம்மாமார்கள் சேக்காயிடம் தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் ரூம் கேட்டுப் போன இடத்திலெல்லாம், மாபெலே வீட்டில் கரண்ட் திருடியவள் நீதானே என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். இந்தச் செய்தியெல்லாம் கடைக்கு வந்தது. எங்கள் ஊரில் செய்திக்கு மட்டும் பஸ் வேண்டாம்.

கடைசியில் ஒருநாள் தெம்பகாசியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவளுக்குப் பாதி தெரியும். மீதியையும் கேட்டாள். அப்புறம், சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். பிள்ளைகள் மேல் ஆணையாக என்று சேர்த்துக்கொண்டாள்.

சமயம் வாய்த்தது. மாபெலேயின் சொந்தக் கிராமத்தில் ஒரு சாவு. தெருவே பஸ் பிடித்துக் கிளம்பியது. வீட்டுச் சாவியை மாபெலே மகாயாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் கண் வைத்துக்கொள் தம்பி என்றாள். தெரு காலியான சனிக்கிழமைக் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் நிஜமான 'பி' கீசரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது கூரை வாசலில் நுழையவில்லை. அவ்வளவு குண்டு. கொல்லைப்பக்கமாகப் போய், மேல்தகடுகளைக் கழற்றி, கயிறு கட்டி மேலிருந்து அவன் இழுக்க, கீழிருந்து தெம்பகாசி தோள் கொடுத்துத் தள்ளினாள். சேக்காய் இருந்த அறையின் ஜன்னல் நேர் எதிரே திறந்து கிடந்தது. அங்கே யாரும் இல்லாததால்தான் அந்த வேலையே நடந்தது என்று நினைத்தபோது அவனுக்குக் கயிறு வழுக்கியது. சாயங்காலத்துக்குள் முடித்தார்கள். பழைய கீசரோடு கொட்டகையில் மிச்சமிருந்ததையும் அள்ளிப்போய்ப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளினான். அவன் கண் முன்னாலேயே நசுக்கினார்கள். மீதி ஸ்டிக்கர்களை அடுப்பில் போட்டான். தான் தப்பித்துவிட்டதாக நினைத்தான் என்று சொல்ல மாட்டேன், சுத்தமாகிவிட்டதாக நினைத்தான்.

மாபெலே திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தான். துக்கம் விசாரித்துவிட்டு, மெதுவாகப் பேச்சைத் திருப்பினான். அந்தப் பெண் பாவம், திரும்பி வரச் சொல்லலாமே என்றான். மாபெலே அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். முதலில் அவள் இல்லாமல் யூனிட் எவ்வளவு நாள் தாங்குகிறதென்று பார்த்துவிடலாம் என்றாள்.

இந்தக் கணக்கை மகாயா போடவே இல்லை.

யூனிட் தாங்கியது. ரொம்ப நன்றாகவே தாங்கியது. மீட்டரின் சத்தத்தையே வீட்டில் மறந்துவிட்டார்கள். அந்த மாதம் பெண்களின் சீட்டுக் கூட்டம் மாபெலே வீட்டில். இஞ்சி பானம், ஸ்கோன் ரொட்டி, கறிக்குழம்பு எல்லாம் தயார். ஃபிகிலேயையும் அழைத்திருந்தாள்; தம்பி என்ற முறையில் மகாயாவையும் தெம்பகாசியையும் முன்வரிசையில் உட்கார வைத்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு எழுந்து நின்று பேசினாள். சிலர் தன்னை இரக்கமில்லாதவள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது மீட்டரே சாட்சி சொல்லிவிட்டது, அவள் போனாள், கரண்ட் திருட்டும் நின்றது என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றும் சொன்னாள். பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். குவாசகேலேயிலிருந்து வந்திருந்த ஒருத்தி, நல்லவேளை, நாளைக்கு அவளுக்கு ரூம் தருவதாக இருந்தேன் என்று நெஞ்சில் கை வைத்தாள்.

மகாயா எழுந்தான். தெம்பகாசி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு திருடல. கீசர்தான் தின்னுச்சு. நான் உங்களுக்குப் போட்டது பழைய சரக்கு. அதுல 'பி' ஸ்டிக்கர் ஒட்டினதே நான்தான். அன்னைக்கு மேல ஏறினப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. நீங்க சாவுக்குப் போனப்ப நானே வந்து மாத்திட்டேன். அதனாலதான் யூனிட் தாங்குது."

குரல் நடுங்காமல் சொன்னான். 

மாபெலே அவனையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிட்ட வந்து அவன் கன்னத்தில் கை வைத்தாள்.

"பாத்தீங்களா என் தம்பி மனசை?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "யாரோ ஒருத்திக்கு ரூம் கிடைக்கலன்னு, பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறான்."

"இல்லக்கா, நிஜமாவே..."

"போதும்ப்பா. அக்காவை ஒரு பெலே ஏமாத்துவானா? யாருகிட்ட கதை விடறே?"

ஃபிகிலே நியாயஸ்தர் அல்லவா, சும்மா விடவில்லை. ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, அந்த வயதிலும் தானே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, கீசர் குண்டாக, குளிர்ச்சியாக இருக்கிறது, 'பி' எழுத்து பளிச்சென்று இருக்கிறது என்றார். மகாயா புதுக் கீசருக்கான பில்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். கீசர் வியாபாரியிடம் கீசர் பில் இருப்பதில் என்ன அதிசயம் என்று அவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பழையது எங்கே என்று கேட்டார். நசுக்கியாயிற்று. ஸ்டிக்கர்? எரித்தாயிற்று. மாற்றியதைப் பார்த்தவர்கள்? தெருவே பஸ்ஸில் போயிருந்தது. தெம்பகாசி ஒருத்தியைத் தவிர.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஃபிகிலே மரியாதையாகத்தான் கேட்டார். "நீ சொல்லும்மா. இவன் சொல்றது நிஜமா?"

தெம்பகாசி புருஷனைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா இவருக்குக் காய்ச்சல், ஐயா" என்றாள்.

ஐயோ பாவம் என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தி போய் அவனுக்குச் சூடாகத் தேநீர் போட்டு எடுத்துவந்தாள். சர்க்கரை நிறையப் போட்டிருந்தாள்.

அங்கிருந்து அவன் நேராகக் குவாசகேலேக்குப் போனான். சேக்காய் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை விற்றுவிட்டிருந்தாள், அது இருந்த இடத்தில் தரை மட்டும் சுத்தமாக இருந்தது. கேப் டவுனில் ஒரு தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், சாயங்காலப் பஸ்ஸில் போகிறாளாம். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஸ்டிக்கர், கூரை, கூட்டம், எதையும் விடவில்லை.  அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சொன்னீங்க. நம்பலையா?" என்றாள் கடைசியில்.

"நம்பல."

"நான் சொன்னதையும் நம்பல, நீங்க சொன்னதையும் நம்பல. என்னை நம்பாததால நான் திருடி ஆயிட்டேன். உங்களை நம்பாததால நீங்க மகான் ஆயிட்டீங்க. என்ன அண்ணே நியாயம் இது?"

 அவன் மன்னிப்புக் கேட்டான். அதை அவள் வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ் நிலையம்வரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினான்.

"வேணாம். உங்க வண்டியில ஏறினா அதையும் உங்க நல்ல மனசுன்னுதான் சொல்வாங்க."

இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். 

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் பெண்கள் நின்றார்கள். யாரோ பட்ட கஷ்டத்துக்குத் தன் பேரையே கெடுத்துக்கொள்ளத் துணிந்த மனிதன் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பரவிவிட்டது. டவுன் கடைகளை நம்ப முடியவில்லை, கண்ட எழுத்தையெல்லாம் ஒட்டி ஏமாற்றுகிறார்களாம் என்றாள் முன்னால் நின்றவள். மகாயா ஷட்டரைப் பாதி தூக்கியபடி, தான் சொன்னது நிஜம், ஏமாற்றியது தான்தான் என்று மறுபடி சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே, தெரியும் தெரியும் என்றாள்.

"மாபெலேக்குப் போட்டீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போடுங்க."

 உள்ளேயிருந்து தெம்பகாசி வந்தாள். அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"நாளைக்கே வந்து போட்டுடுவார்க்கா" என்று சொல்லிவிட்டு, வீட்டு விலாசத்தைக் கேட்டாள்.